பையைக் கவிழ்த்த நாள்

எனக்கு நான்கு வைத்தியர்கள் இருந்தார்கள். முதுகுக்கு ஒருவர், இரத்த அழுத்தத்துக்கு ஒருவர், வயிற்றுக்கு மூலிகை கொடுத்தவர் ஒருவர், அக்குபங்சர் ஊசி போட்டவர் ஒருவர். யாரையும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் பார்த்தார்கள். இருந்தும் பதினான்கு மாதம் கழித்துப் பார்த்தால், தொடங்கிய இடத்தைவிட மோசமான இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

‘முழுமையான ஆரோக்கியம்’, ‘ஒருங்கிணைந்த மருத்துவம்’ என்ற சொற்களைக் கேட்டால் எனக்கு ஒரு காலத்தில் கொட்டாவிதான் வரும். கண்ணை மூடிய ஒரு முகம், பின்னால் ஒரு சூரிய உதயம், கீழே விலைப்பட்டியல். இப்போதும் அந்தப் படங்களைப் பார்த்தால் கொட்டாவி வருகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே ஓர் அர்த்தம் இருக்கிறது என்று ஒரு மத்தியானம் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இது.

முதலில் முதுகு. நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. ஒரு காலையில் குனிந்து செருப்பை மாட்டும்போது இடுப்புக்கு மேலே ஏதோ ‘சடக்’ என்றது. இரண்டு வாரத்தில் சரியாகும் என்றார்கள், ஆகவில்லை. ஸ்கேன் எடுத்தேன். நாலாவது ஐந்தாவது எலும்புக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை வந்தது. அன்றிலிருந்து அந்த ஃபிலிமைக் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி தூக்கிக்கொண்டு அலைந்தேன். யார் நலம் விசாரித்தாலும், “டிஸ்க் போயிடுச்சு” என்பேன். அதைச் சொல்வதில் ஒரு கௌரவம்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

வலியே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் எடுத்தால் என்ன தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இப்படிப்பட்ட 33 ஆய்வுகளைத் திரட்டி 2015இல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 3,110 பேர், ஒருவருக்கும் முதுகுவலி கிடையாது. அவர்களில் இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. நாற்பது வயதில் பாதிப் பேருக்கு. எண்பதில் 84 சதவீதம் பேருக்கு. தலை நரைப்பது போல உள்ளே நடக்கிற ஒரு சங்கதி. என் வலிக்கு அந்தப் பிதுக்கம் காரணமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். படத்தில் முதுகு மட்டும்தான் விழுந்திருந்தது. அந்த முதுகை வைத்துக்கொண்டு நான் எப்படி வாழ்ந்துகொண்டிருந்தேன் என்பது எந்த ஸ்கேனிலும் விழாது.

சரி, வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதினார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. கேட்டது. கேட்டதால் நானாகவே நீட்டித்தேன்.

இரண்டு மாதத்தில் வயிறு எரிய ஆரம்பித்தது. அக்காவிடம் போனில் புலம்பினேன். “அந்த மாத்திரையெல்லாம் சூடுடா. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாத மூலிகையா சாப்பிடு” என்று தான் போகிற ஒரு வைத்தியரிடம் அனுப்பினாள். அவர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நிதானமாகப் பேசினார், அதிமதுர மாத்திரை கொடுத்தார். எரிச்சல் உண்மையாகவே தணிந்தது. அவர் மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

அடுத்து வந்தது இரத்த அழுத்தம். அலுவலகப் பரிசோதனை ஒன்றில் 158/98 காட்டியது. வயது நாற்பத்து நாலு, உட்கார்ந்த வேலை, அப்பாவுக்கும் இருந்தது, அதனால் யாருக்கும் ஆச்சரியமில்லை. அம்லோடிபின் 5 மில்லிகிராம். இறங்கவில்லை. 10 ஆக்கினார்கள். கொஞ்சம் இறங்கியது, ஆனால் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கியது. காலுறையைக் கழற்றினால் அதன் வரிகள் தோலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை சேர்ந்தது. அப்புறம் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டி வந்தது. தூக்கம் கெட்டது. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. கெண்டைக்காலில் குரக்கு வலி வந்து நடு இரவில் துள்ளி எழுந்தேன். அதற்கு இணையத்தில் படித்து மக்னீசியம் வாங்கினேன். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், யாருக்கும் அப்படித்தான். வலி கூடியதும் இன்னொரு பெயரில் இன்னொரு வலி மாத்திரை.

அக்குபங்சருக்குப் போனதும் இந்தச் சமயத்தில்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு முறைப்படி ஊசி, ஒரு பிரிவினருக்கு முறையில்லாமல் கண்ட இடத்தில் மேலோட்டமாக ஊசி, மூன்றாவது பிரிவினருக்கு வழக்கமான மருந்தும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 47.6 சதவீதம் பேருக்கும், இரண்டாவதில் 44.2 சதவீதம் பேருக்கும், மூன்றாவதில் 27.4 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம். ஊசிக்காரர்கள் முதல் எண்ணையும் மூன்றாவதையும் மட்டும் காட்டுவார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் முதல் எண்ணையும் இரண்டாவதையும் மட்டும் காட்டுவார்கள். எனக்கு இரண்டாவது எண்தான் விஷயமாகப் படுகிறது. தப்பான இடத்தில் குத்திய ஊசி எப்படி மருந்தை ஜெயித்தது?

என் அனுபவத்தை வைத்து ஊகிக்கிறேன், அவ்வளவுதான். அங்கே ஒரு மங்கலான அறை இருந்தது. நாற்பது நிமிடம் யாரும் கூப்பிட மாட்டார்கள், போன் வெளியே கூடையில் கிடக்கும். வலிக்கிற இடத்தை ஒருவர் விரலால் தடவித் தேடி, “இங்கயா?” என்று கேட்பார். அதுவரை என் முதுகை யாருமே தொட்டுப் பார்த்ததில்லை. படத்தைத்தான் பார்த்தார்கள். அந்தக் கட்டிலில் படுத்தால் நான் குறட்டை விட்டுத் தூங்குவேன். அன்றைய நாளில் நான் ஒழுங்காகத் தூங்கிய தூக்கம் அது ஒன்றுதான். ஊசி வேலை செய்ததோ இல்லையோ, அந்த நாற்பது நிமிடம் செய்தது.

ஆனால் அவரிடமும் நான் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் படியேறும்போது தொடை துவண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த ஒரு பொது மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.1. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். உடனடியாகச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, மறுநாள் வரச்சொன்னார். வெறுங்கையோடு வரக் கூடாதாம்.

“நீங்க வாயில போடுறது, மேல தடவுறது, மூக்குல விடுறது எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிப் போட்டுக் கொண்டாங்க. எது முக்கியம், எது முக்கியமில்லைன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.”

துணிப்பையில் அள்ளிக்கொண்டு போனேன். அவர் பையை வாங்கி மேசை மேல் கவிழ்த்தார். பதினொரு பொருள். ஒரு டப்பா உருண்டு போய் அவருடைய ஸ்டெதாஸ்கோப்பில் முட்டி நின்றது. டைக்ளோஃபெனாக் பட்டையையும் இன்னொரு வலி மாத்திரைப் பட்டையையும் கையில் எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். “பேர்தான் வேற. ரெண்டும் ஒரே குடும்பம்” என்றார். அதிமதுர டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். “இது எத்தன மாசமா?” என்றார். ஒன்பது மாதம், தினம் இரண்டு வேளை என்றேன். “இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்றார். மூலிகைதானே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

ஒரு பழைய பரிசோதனை அறிக்கையைத் திருப்பி, அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார். மேலே ‘முதுகுவலி’. அங்கிருந்து ஓர் அம்புக்குறி, ‘வலி மாத்திரை’. அங்கிருந்து இரண்டு அம்பு. ஒன்று வயிற்றெரிச்சலுக்கு, இன்னொன்று நேராக இரத்த அழுத்தத்துக்கு. இந்த வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்திவைக்கும், அழுத்தத்தை ஏற்றும், அழுத்த மாத்திரைகள் சிலவற்றின் வேலையையும் கெடுக்கும். வயிற்றெரிச்சலிலிருந்து அதிமதுரம். அதிமதுரத்திலிருந்து மறுபடி இரத்த அழுத்தத்துக்கு ஓர் அம்பு. அழுத்தத்திலிருந்து அம்லோடிபின், அங்கிருந்து கால் வீக்கம், அங்கிருந்து நீர் மாத்திரை. நீர் மாத்திரையும் அதிமதுரமும் கைகோத்துக்கொண்டு பொட்டாசியத்தைக் கீழே இழுத்தன. பொட்டாசியத்திலிருந்து குரக்கு வலியும் துவண்ட தொடையும். நீர் மாத்திரையிலிருந்து இன்னொரு அம்பு, தூக்கக்கேடு. தூக்கக்கேட்டிலிருந்து நீளமாக ஒரு கோடு, தாளின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே முதல் சொல்லுக்கே போய் நின்றது.

“நீர் மாத்திர எப்ப போடுறீங்க?”

“ராத்திரி படுக்கப் போறப்ப.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “காலைலன்னு யாரும் சொல்லலயா?” சீட்டில் ‘தினம் 1’ என்றுதான் இருந்தது. எல்லா மாத்திரையையும் படுக்கும்போது மொத்தமாக விழுங்கிவிடுவது என் வழக்கம். சுத்தமான கணக்கு.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இதற்கு ஒரு பெயரே உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எடுத்துக்கொண்டு அதற்கு இன்னொரு மருந்து கொடுப்பது, அதன் விளைவுக்கு மூன்றாவது. ரோச்சன், குர்விட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990களில் இதை அடுக்கருவிக்கு ஒப்பிட்டு எழுதினார்கள். அவர்கள் கவலைப்பட்டது முதியவர்களைப் பற்றி. நாற்பத்து நாலிலேயே நான் அந்த அருவியில் நனைந்துகொண்டிருந்தேன், அதில் ஒரு படி மூலிகை.

அதிமதுரக் கதை தனியாகச் சொல்லத் தகுந்தது. 1940களில் நெதர்லாந்தில் ரெவெர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது. கூடவே சிலருக்கு முகமும் காலும் வீங்கின. காரணம் பிற்பாடுதான் விளங்கியது. நம் உடம்பில் கார்ட்டிசால் என்ற சுரப்பு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. உப்பைப் பிடித்துவை என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது ஆல்டோஸ்டிரோன் என்ற வேறொரு சுரப்பு. இரண்டும் ஒரே பூட்டுக்குப் பொருந்துகிற சாவிகள். அதனால் சிறுநீரகத்தின் வாசலில் ஒரு நொதி காவல் நின்று, கார்ட்டிசாலைச் செயலிழக்க வைத்துத்தான் உள்ளே விடும். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், உடம்பில் செரித்த பின் அந்தக் காவலாளியைத் தூங்க வைத்துவிடுகிறது. கார்ட்டிசால் உள்ளே புகுந்து பூட்டைத் திறக்கிறது. உப்பு தங்குகிறது, பொட்டாசியம் வெளியே போகிறது, அழுத்தம் ஏறுகிறது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ‘மூலிகை ஒன்றும் பண்ணாது’ என்று அக்கா சொன்னதும் தப்பு, ‘மூலிகையால் ஒரு பயனுமில்லை’ என்று என் அலுவலக நண்பர் சொன்னதும் தப்பு. வயிற்றுக்கு ஏதோ செய்கிற வேர், சிறுநீரகத்துக்கும் ஏதோ செய்யும். மருந்துக்கு நம்முடைய கட்சி பேதமெல்லாம் தெரியாது.

அப்புறம் நடந்தது பரபரப்பில்லாத வேலை. நிறுத்துவதற்கு அந்தப் பொது மருத்துவர் ஒரு வரிசை போட்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறியவில்லை, என்னையும் எறிய விடவில்லை. முதலில் அதிமதுரமும் இரட்டை வலி மாத்திரையும். அதிமதுரத்தின் விளைவு வடிய வாரக்கணக்கில் ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டார். வாரம் இரண்டு முறை அழுத்தம் எழுதி வைத்தேன். பொட்டாசியம் 4க்கு வந்தது. அம்லோடிபின் பாதியானது. கணுக்கால் வற்றியது. நீர் மாத்திரை நின்றது. தூக்க மாத்திரையை மெல்ல விட்டேன். நாலு மாதத்தில் அழுத்தம் 132/84. அதிமதுரம் கொடுத்தவருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார். அவர் படித்துவிட்டு, “பிரஷர் இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே” என்றார். உண்மைதான். அவரிடம் போக ஆரம்பித்தபோது அழுத்தம் இல்லை. வந்த பிறகு சொல்லத் தோன்றவில்லை.

மருந்துகள் கழிந்துபோன பிறகு மிச்சம் இருந்தது அதே முதுகுவலி.

அதற்கு அந்தப் பொது மருத்துவர் கேட்ட கேள்வி எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. “வலி ஆரம்பிச்ச சமயத்துல வீட்ல என்ன நடந்துட்டு இருந்துச்சு?” அப்பா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது என்றேன். அதற்கு முந்தைய மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை நான்தான் தூக்குவேன். சொல்லிவிட்டு, “அப்ப இது மனசுலதான் இருக்குன்றீங்களா?” என்று கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டேன். இப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வார்த்தை எவ்வளவு வலிக்கும் என்பது வலி உள்ளவர்களுக்குத் தெரியும்.

“அப்பாவைத் தூக்கினது மனசா, முதுகா?” என்று கேட்டார். பதில் வரவில்லை.

ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1977இல், நோயை உடல், மனம், சமூகம் மூன்றாகவும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதினார். இன்று ஒருங்கிணைந்த மருத்துவம் பேசுகிற பலர் அந்தக் கட்டுரையைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதைவிட அவருடைய சொந்தக் கதை முக்கியமாகப் படுகிறது. எங்கலின் இரட்டைச் சகோதரர் ஃபிராங்க் 1963இல் மாரடைப்பில் இறந்தார். ஒரு வருடம் நிறைவதற்குள் எங்கலுக்கும் மாரடைப்பு. துக்கம் என்பீர்களா, இரட்டையருக்குப் பொதுவான மரபணு என்பீர்களா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நாம் கேட்கிறோம். இதயம் அப்படிப் பிரித்துப் பார்த்திருக்காது.

என் மருத்துவர் என்னை ஓர் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். சின்னப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். முதல் நாள் தரையிலிருந்து ஒரு காலிப் பெட்டியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மறுபடி எடுக்கச் சொன்னார். “மூச்சப் பிடிச்சுக்கிட்டே குனியறீங்க சார். காலிப் பெட்டிதான். ஒரு ஆளைத் தூக்கப் போற மாதிரி விறைக்கிறீங்க” என்றார். அவருக்கு அப்பா விஷயம் தெரியாது. முதுகுவலிக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் விறைப்பார்கள், தசை தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

மற்றபடி மந்திரம் ஒன்றும் இல்லை. மூச்சை விட்டபடி குனிவது. தினம் நடை, முதல் வாரம் எட்டு நிமிடம், பிறகு ஏற்றிக்கொண்டே போவது. ஒரே நேரத்துக்குப் படுப்பது. வலித்தாலும் அசைவது. அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டியே நாள்பட்ட முதுகுவலிக்கு முதலில் மருந்தில்லாத வழிகளைத்தான் சொல்கிறது. உடற்பயிற்சி, யோகா, தை சீ, அக்குபங்சர், மனக்குவிப்புப் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. ஆக எனக்குக் கடைசியில் கிடைத்தது மாற்று வைத்தியமும் இல்லை, ஞானோதயமும் இல்லை. முதல் நாளே கிடைத்திருக்க வேண்டிய சாதாரண சிகிச்சை, சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

இதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரைகளை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம். எதை நிறுத்துவது என்பதும் ஒரு சிகிச்சைதான், அதற்கும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ‘முழுமை’ என்ற பெயரில் இருப்பதைக் கைவிடுவது என்ன செய்யும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. குணப்படுத்தக்கூடிய நிலையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் போட்டால் அதுவும் அரைகுறைதான். பெயர் மட்டும் முழுமை.

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனையில் சமூகப் பணியாளர், அப்புறம் படித்து 1957இல் மருத்துவர். 1967இல் லண்டனில், இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்காக செயின்ட் கிறிஸ்டோஃபர் காப்பகத்தைத் தொடங்கினார். சாகக் கிடப்பவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, பயத்திலும் உறவிலும் கடனிலும் கடவுளிடத்திலும் இருக்கிறது என்று கண்டு அதை ‘முழு வலி’ என்றார். அப்படிச் சொன்னவர் மார்ஃபினை ஒதுக்கவில்லை. வலி வந்த பிறகு கொடுக்காதீர்கள், வருவதற்கு முன்பே வேளை தவறாமல் கொடுங்கள் என்று சண்டை போட்டவரும் அவர்தான். மூன்று தொழிலும் ஒரே ஆளிடம் இருந்ததால் அவருக்கு அது சாத்தியமாயிற்று. நமக்கு மூன்று பேரையும் தனித்தனியாகத்தான் பார்க்க வாய்க்கிறது. அவர்களுக்கு நடுவில் ஓடுகிற ஒரே தபால்காரர் நோயாளிதான், அவரோ பாதிக் கடிதங்களைத் தொலைத்துவிடுகிறார்.

அதனால் இப்போது என் பர்ஸில் ஒரு தாள் இருக்கிறது. என்ன சாப்பிடுகிறேன், எவ்வளவு, எப்போது, யார் கொடுத்தது, எதற்காக. ஐந்து வரி. பல் டாக்டரிடம் போனால்கூட நீட்டுவேன். சிலர் படிப்பார்கள், சிலர் மடித்துத் திருப்பித் தருவார்கள். முதுகு இன்னும் வலிக்கிறது. மாதத்தில் நாலைந்து நாள், முழு ஆண்டுக் கணக்கு முடிக்கிற சமயத்தில் கூடுதலாக.

போன வாரம் அக்காவுக்கு போன் பண்ணி அவளுடைய மருந்துகளைப் பட்டியல் போடச் சொன்னேன். “எனக்கென்னடா, பிரஷர் மாத்திர ஒண்ணு, கால்சியம் ஒண்ணு. அவ்வளவுதான்” என்றாள். சும்மா கட்டில் மேல் எல்லாவற்றையும் பரப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். ராத்திரி வந்தது. பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். பதினாலு. கீழே ஒரு குறிப்பு: “ரெண்டு டப்பா படத்துல வரலடா, கட்டில் பத்தல.”